இருநூறு புள்ளி பூஜ்யம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி, வாசல் காவலாளியிலிருந்து டைரக்டர் வரை அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கிராம் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். முதலில் கொஞ்சம் உறுத்தியது, போகப்போகப் பழகிவிட்டது.

எலிகளுக்குத் தீனி வைப்பது அவள் வேலை. பதினான்கு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். "ஊரெல்லாம் எலியக் கொல்ல மருந்து வைக்குது, என் பொண்டாட்டி சம்பளம் வாங்கிட்டு விருந்து வைக்கிறா" என்று அவள் கணவர், வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுவார். பஸ் ஓட்டுகிறவர். ஒரே வழியில் தினம் எட்டு நடை போய்வந்து பழகியவர் என்பதால், ஒரே வேடிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்ல அவருக்கு அலுப்பதே இல்லை.

விருந்து என்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு எலியையும் நிறுக்க வேண்டும். போன வாரம் வைத்த தீனியில் மிச்சம் எவ்வளவு என்று நிறுக்க வேண்டும். கம்பித் தளத்தின் வழியாகக் கீழ்த் தட்டில் விழுந்த துண்டுகளையும் சல்லடையில் அரித்தெடுத்து அதோடு சேர்க்க வேண்டும். வைத்ததில் மிச்சத்தைக் கழித்தால் தின்றது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு புதிதாகத் தீனி நிறுத்து, கூண்டின் முகப்பில் மாட்டியிருக்கும் கம்பிப் பெட்டியில் போட வேண்டும். ஒரு எலிக்கு வாரத்துக்கு ஏறக்குறைய இருநூறு கிராம். இந்த 'ஏறக்குறைய'வில்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது.

விதிமுறைப்படி, தராசு என்ன காட்டுகிறதோ அதை எழுதினால் போதும். நூற்றுத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு என்றால் அதை. இருநூற்று மூன்று என்றால் அதை. அவளுக்கு மட்டும் அது ஆகாது. இருநூறு என்றால் இருநூறு புள்ளி பூஜ்யம். பெரிய உருண்டை ஒன்றை எடுத்துவிட்டுச் சின்னது ஒன்றைப் போடுவாள், மறுபடி மாற்றுவாள், தராசு வழிக்கு வரும் வரை விடமாட்டாள். அவள் எழுதிய தாளில் பூஜ்யங்கள் மேலிருந்து கீழ் வரை ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்து, வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவள் ஒன்றும் தெரியாதவள் போல வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்து போயிருக்கும்.

வீட்டிலும் இதே கூத்துதான். சமையலறையில் எடை மிஷின் இல்லாமல் அடுப்பு பற்றாது. "அம்மா, டீக்குச் சர்க்கரை போடத் தராசு வேணுமா?" என்று மகள் கேட்டால், "நேத்தும் இன்னைக்கும் ஒரே மாதிரி இருக்கா இல்லையா, அதச் சொல்லு" என்பாள்.

அந்தக் கூடத்தில் ரப்பருக்கு இடமில்லை. தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. வேலையிலேயே பிசகு என்றால் ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு உண்டு. என்ன நடந்தது, எதனால் நடந்தது, யார் செய்தது என்று எழுதி டைரக்டருக்குப் போக வேண்டும். அந்தக் கோப்பு தலையணை கனத்துக்கு இருக்கும். மற்றவர்கள் விடுப்பு எடுக்கும்போது மட்டும் வந்து வேலை பார்க்கும் லீவு அண்ணன் பெயரில் மட்டும் பதினொரு சீட்டு. கிராம் அக்காவின் பெயரில் ஒன்றுகூட இல்லை. பதினான்கு வருஷத்தில் ஒன்றுகூட.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விலங்குக் கூடத்தின் பொறுப்பாளர் அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார். இதுவரை அந்த நாற்காலிக்கு வந்த மூன்று பேரும் பட்டம் வாங்கியவர்கள். மூன்று பேருக்கும் எலியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். "இந்த முறை அனுபவத்தையும் பார்ப்போம். நடக்கிற ஆய்வு முடியட்டும்" என்று டைரக்டர் வாயாலேயே சொல்லியிருந்தார். பொறுப்பாளர் கையில் இருக்கும் அந்தச் சாவிக்கொத்து அவளுக்கு வேண்டும். ஆசை என்று சொன்னால் குறைவு. கிடைத்துவிட்ட மாதிரியே வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

நடந்துகொண்டிருந்தது மக்காச்சோள ஆய்வு. தண்டைத் துளைக்கும் புழு கடித்தால் புழுவே செத்துப்போகும்படி, மரபணுவில் கைவைத்து உண்டாக்கிய சோளம். அது ஆட்கள் தட்டுக்கு வருவதற்கு முன்னால் எலிகள் தொண்ணூறு நாள் தின்று பார்க்க வேண்டும். அறுபது எலி, மூன்று வகைத் தீனி, வகைக்கு இருபது. தீனித் தொட்டிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று மூடி. ஒன்றில் கைவைத்த சோளம், ஒன்றில் அதே ஜாதியில் கைவைக்காதது, ஒன்றில் கடையில் விற்கிற சாதாரணச் சோளம். எது எதில் என்பது டைரக்டரின் அலமாரியில் அரக்கு வைத்த உறைக்குள் இருந்தது. தீனி வைக்கிறவளுக்கும் தெரியாது, ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் கண் தானாக அந்தப் பக்கம் சாயும் என்பதால் இந்த ஏற்பாடு.

எலிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதும் விதி. ஆனாலும் நாற்பத்தேழாம் நம்பர் கூண்டின் மூலையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் மேலும் கீழும் பார்க்கும்போது, மாமியார் என்று சொல்லாமல் எப்படி இருப்பது? ஐம்பத்திரண்டாம் நம்பர் கூண்டில் செருகிய அட்டையை வாரா வாரம் கடித்துக் குதறிவிடும். அதற்கு வக்கீல் என்று பெயர். இரண்டும் நீலம்.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். சின்ன வயசு, கெட்டிக்காரி, நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. அன்றைக்குப் பத்து விரலிலும் நகம் இல்லை.

"அக்கா, நீலம் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. மத்ததவிட வாரத்துக்கு ஆறு கிராம் கூடத் தின்னுது. இருபதுமே அப்படித்தான். ஆனா உடம்பு எடை மத்ததுங்க மாதிரியேதான் ஏறுது."

"கூடத் தின்னா கூட ஏறணுமே?"

"அதான் பிரச்சினை. தின்னது ஒட்டலைன்னா தீனியில ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஒரு எலி ரெண்டு எலின்னா விட்டுடலாம். இருபதும் ஒரே மாதிரி ஆறு ஆறுன்னு வந்தா எப்படி விடுறது?"

விஷயம் கேண்டீனுக்குப் போக அரை மணி நேரம்தான் ஆனது. நீலம்தான் கைவைத்த சோளம் என்று தேநீர் ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. வீட்டிலும் அதே கதை. பலசரக்குக் கடை வைத்திருக்கும் கொழுந்தனார், அவள் எதுவும் சொல்லாமலே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "என்ன அண்ணி, எலிங்க இளைச்சுப் போச்சா? புழுவக் கொல்ற சோளம் ஆளச் சும்மா விடுமா? நான் அப்பவே சொன்னேன்."

"இளைக்கல தம்பி. வேலை முடியிற வரைக்கும் நான் எதுவும் பேசக் கூடாது."

"பேசக் கூடாதுன்னாலே ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்" என்றார் அவர். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது, சரக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.

ஏழாவது வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. தும்மலோடு எலி அறைக்குள் போக யாருக்கும் அனுமதி இல்லை. பதினான்கு வருஷத்தில் மூன்றாவது தடவையாக, தீனி நிறுக்கும் நாளில் அவள் வீட்டில் போர்வைக்குள் கிடந்தாள். லீவு அண்ணன் வந்து வேலை பார்த்தார்.

திரும்பி வந்து தாளைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருநூற்று மூன்று புள்ளி ஆறு. நூற்றுத் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது. இருநூற்றொன்று புள்ளி நான்கு. பல் வரிசையில் ஒரு பல் முன்னே, ஒரு பல் பின்னே இருந்த மாதிரி இருந்தது. அந்த வாரத்து மிச்சத்தை அவளே நிறுத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். அந்த ஒரு வாரம் மட்டும் நீலமும் மற்ற இரண்டும் சமமாக வந்திருந்தன.

"அண்ணன் என்ன பண்ணாரோ தெரியல, இந்த வாரக் கணக்க நம்ப முடியாது போலிருக்கு" என்றாள் டாக்டரம்மா.

"அவருக்குப் பன்னெண்டாவது சீட்டு எழுத வேண்டியதுதான்" என்றாள் அக்கா. சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை.

எட்டாவது வாரத் தீனியை அவள் தன் கையால் வைத்தாள், எல்லாம் இருநூறு புள்ளி பூஜ்யம். அந்த வார முடிவில் நீலம் மறுபடியும் ஆறு கிராம் கூடத் தின்றிருந்தது. கூண்டு கழுவும் இடத்தில் லீவு அண்ணன் முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு அப்படி என்னதான் பண்ணீங்க?"

"நான் என்னத்தப் பண்ணேன்? அள்ளிப் போட்டேன், தராசு காட்டுனத எழுதுனேன். நீலம் வேற ஒவ்வொண்ணும் விரல் நீளம் இருக்கு. உங்கள மாதிரி அத உடைச்சு உடைச்சு வச்சிட்டிருக்க எனக்குப் பொறுமை இல்லம்மா."

அவர் குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார். அவள் அங்கேயே நின்றாள்.

அவர் சொன்னது சரி. சிவப்பும் மஞ்சளும் நறுக்காக, ஒவ்வொன்றும் ஒரு கிராம் அளவில் வந்திருந்தன. நீலத் தீனி வெட்டிய மிஷினில் கத்தி மாற்றியிருந்தார்களாம், அது நீளமாக வந்துவிட்டது. சத்து ஒன்றுதான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சிவப்பிலும் மஞ்சளிலும் ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டே இருநூறைப் பிடித்துவிடுவாள். நீலத்தில் அது நடக்காது. கடைசி ஐந்தாறு கிராமுக்குக் கட்டை விரலால் உடைத்து, நொறுக்கி, மேஜையில் உதிர்ந்த தூளைக்கூடத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டால்தான் தராசு பூஜ்யம் காட்டும். கம்பிப் பெட்டிக்குள் போன தூள் அங்கேயே நிற்குமா? எலி பெட்டியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினால் பொலபொலவென்று கீழ்த் தட்டுக்குப் போய்விடும். அங்கே அரிக்கிற சல்லடையோ துண்டுகளை மட்டும் நிறுத்தும், தூளை விட்டுவிடும்.

அன்றைக்குக் கழற்றிய தட்டுகள் இன்னும் குப்பைக்குப் போகவில்லை. வேதியியல் அறையிலிருந்து மெல்லிய சல்லடை ஒன்றைக் கடன் வாங்கி வந்தாள். வக்கீலின் தட்டை அரித்தாள், புழுக்கையைப் பொறுக்கி எடுத்தாள், தூளை நிறுத்தாள். ஐந்து புள்ளி எட்டு. மாமியாரின் தட்டு, ஆறு புள்ளி ஒன்று. சிவப்பில் ஒரு தட்டு, ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். நீலத்தின் இருபது தட்டையும் அரித்து முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பசிக்கவில்லை.

நீல எலிகள் கூடத் தின்னவில்லை. அவள்தான் தூளைக் கொட்டி, தின்றதாக எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும்போது கணவர் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறினாள். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று எழுதியிருக்கும் பலகைக்கு நேர் கீழே அவளுடைய வழக்கமான இருக்கை. அந்தப் பலகை மற்றவர்களுக்கு.

"என்ன, எலி ஏதாவது திட்டிடுச்சா?" என்றார் அவர், கண்ணாடியில் பார்த்து.

நடந்ததைச் சொன்னாள். அவர் இரண்டு நிறுத்தத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"இனிமே உடைக்காம போட்டா சரியாயிடும்ல? யாருக்கும் தெரியாதே?"

"இனிமே வர்றது சரியாயிடும். இதுவரைக்கும் எழுதுனது அப்படியே நிக்கும். நீலம் தின்னுது, ஒட்டலன்னு அறிக்கையில போகும். நீலம் நல்ல சோளமோ கெட்ட சோளமோ எனக்குத் தெரியாது. எதுவா இருந்தாலும் அது மேல என் தூளக் கொட்டி வச்சிருக்கேன்."

"சொன்னா?"

"ரோஸ் சீட்டு. என் பேர்ல. நாற்காலி போச்சுன்னு வச்சுக்கோங்க."

அவர் ஒரு வயதானவர் ஏறும் வரை காத்திருந்து, மெதுவாக வண்டியை எடுத்தார். "சொல்லிடு. சொல்லலைன்னா நீ தூங்க மாட்ட, என்னையும் தூங்க விடமாட்ட. எனக்குக் காலைல அஞ்சு மணிக்கு வண்டி."

காலையில் அவள் சீட்டை எழுதினாள். எழுத அரை மணி நேரம் பிடித்தது. யார் செய்தது என்ற இடத்தில் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை எழுதும்போது, வேறு யாரையோ காட்டிக்கொடுப்பது போல இருந்தது. எதனால் நடந்தது என்ற இடத்தில் முதலில் 'கவனக் குறைவு' என்று எழுதினாள். அது பொய். குறுக்கே ஒரு கோடு போட்டு, கையெழுத்து வைத்து, பக்கத்தில் எழுதினாள்: 'தேவையில்லாத இடத்தில் எடை சரியாக வர வேண்டும் என்ற ஆசை.'

டாக்டரம்மா அதைப் படித்தாள். இருபது சின்னப் பைகளில் கட்டி நம்பர் எழுதி வைத்திருந்த தூளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் தானே மறுபடி நிறுத்தாள். கடைசிப் பையை வைத்ததும் நாற்காலியில் சாய்ந்து, சத்தம் இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்லக்கா. எத்தனை கட்டுரை படிச்சிருப்பேன் தெரியுமா? கடைசியில உங்க கட்டை விரல்."

"லீவு அண்ணனோட அந்த ஒரு வாரந்தான் சரியான கணக்கு. அவர்ட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள் அக்கா. போய்க் கேட்கவும் செய்தாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அன்றைக்குக் கேண்டீனில் எல்லா மேஜைக்கும் போய் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டு எழுந்தார்.

மிச்ச வாரங்களில் அவள் அள்ளிப் போட்டாள், தராசு காட்டியதை எழுதினாள். இருநூற்று மூன்று புள்ளி இரண்டு என்று எழுதும்போதெல்லாம் பல் கூசியது. மூன்று நிறமும் சமமாகவே வந்தன. தொண்ணூறாம் நாள் முடிந்து எலிகள் பரிசோதனை அறைக்குப் போனபோது அவள் கூடவே போகவில்லை. எந்த ஆய்விலும் போனதில்லை. ரத்தமும் ஈரலும் பார்த்தால்தான் ஆய்வு முழுமை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் வருத்தமாக இருக்கும். ஐம்பத்திரண்டாம் கூண்டின் கடித்த அட்டையை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

உறையைப் பிரித்த அன்று கூடத்தில் நிற்க இடமில்லை. நீலம், கைவைக்காத சோளம். சிவப்பு, கடைச் சோளம். கேண்டீன் சீண்டவே சீண்டாத மஞ்சள்தான் கைவைத்தது. ஈரல் துணுக்குகளைக் கண்ணாடித் துண்டுகளில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது, டாக்டரம்மா முழு முடிவு எதையும் சொல்லவில்லை. தின்றதிலும் எடையிலும் வித்தியாசம் இல்லை, அவ்வளவுதான் இப்போதைக்கு என்றாள். மாலையில் கடைக்குப் போனபோது அக்கா இதைக் கொழுந்தனாரிடம் சொன்னாள். "மஞ்சளா இருக்கும்னு நான் அப்பவே நினைச்சேன் அண்ணி" என்றார் அவர்.

அடுத்த வாரம் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் ரோஸ் சீட்டு இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள், அவர் உட்காரச் சொன்ன பிறகும்.

"உக்காருங்கம்மா. பதினாலு வருஷத்துல இதுதான் முதல் சீட்டு, இல்லையா?"

"ஆமாங்க சார்."

"உண்மையச் சொல்றேன். அந்தப் பதினாலு வருஷந்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. தப்பே நடக்காத ரூம்னு ஒண்ணு உண்டா? நடந்தா நீங்க எழுதுவீங்களா, மறைப்பீங்களான்னு தெரியாம சாவிய எப்படிக் குடுக்கிறது? முடிவெடுக்க முடியாம தவிச்சிட்டிருந்தேன்." இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து அந்தச் சீட்டின் மேலேயே வைத்தார். "நல்ல வேளை எழுதுனீங்க."

அவள் கும்பிட்டாள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கூண்டு கழுவும் இடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சாவிக்கொத்தைத் தராசில் வைத்தாள். நூற்று எண்பத்து மூன்று புள்ளி நான்கு.

ஆறு மாதம் கழித்து அடுத்த ஆய்வு தொடங்கியது. லீவு அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகி, தீனி நிறுக்கும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது. முதல் வாரத் தாளைப் பொறுப்பாளர் அறைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, பாராட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றார். அவள் எடுத்துப் பார்த்தாள். இருநூறு புள்ளி பூஜ்யம். இருநூறு புள்ளி பூஜ்யம். அறுபது வரிசையும் அப்படியே. நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய கை முழங்கை வரை தீனித் தூளில் வெளுத்திருந்தது.

"என்ன அண்ணே இது?"

"காலைலேர்ந்து ஒவ்வொண்ணா உடைச்சு உடைச்சுப் போட்டேன்க்கா. கட்டை விரல் வீங்கிடுச்சு. புதுசா பொறுப்புக்கு வந்திருக்கீங்க, உங்களுக்குப் பிடிக்குமேன்னு."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து டாக்டரம்மா ஓடி வந்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து ஒரு ரோஸ் சீட்டை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"எழுதுங்க. கீழ நானும் கையெழுத்துப் போடுறேன். கத்துக்குடுத்தது நான்தானே."

லீவு அண்ணன் பேனாவைத் தேடிக்கொண்டே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எனக்கு இது பன்னெண்டு."

"எனக்கு ரெண்டு" என்றாள் கிராம் அக்கா.